கோயில் வாசலில் பன்னிரண்டு சோடிச் செருப்பு

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். கடிதம் தவிர வேறெதுவும் எழுதியதில்லை. அதையும் நாலு வரியில் முடித்துவிடுவேன். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்காத ஒருத்தி, முன்பின் தெரியாதவர்கள் படிக்கக்கூடிய ஒன்றை எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் தொடங்குகிறேன். பிடிக்காதவர்கள் பக்கத்தைத் திருப்பிவிடலாம். எனக்குத் தெரியப்போவதில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கனடாவில், மல்வேர்ன் என்ற இடத்தில் ஓர் அடுக்குமாடியின் எட்டாம் மாடியில் நானும் கணவரும் இருந்தோம். எனக்கு நாற்பத்து மூன்று வயது. பிஸ்கட் தொழிற்சாலை ஒன்றில் பின்னேர வேலை. பெட்டி மடிப்பது, அடுக்குவது, பசைநாடா ஒட்டுவது. அதை விட்டுவிட்டு முதியோர் இல்லத்தில் உதவியாளராக வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை வந்தது. எங்கள் தேவாலயப் பங்கிலுள்ள ஒரு வயதான அம்மாவைப் பார்க்க அப்படி ஓர் இல்லத்துக்கு ஒரு முறை போனேன். ஒரு மணி நேரம் அவரின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்தேன். வெளியே வரும்போது அங்கிருந்த தாதி, "உங்களுக்கு இது நன்றாக வருகிறது" என்றாள். பேசாமல் இருப்பதற்காக என்னை யாரும் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

அந்த வேலைக்கான கல்லூரிப் படிப்புக்கு எடுக்க வேண்டுமென்றால் இந்த நாட்டு உயர்பள்ளிப் பாடங்கள் மூன்று முடித்திருக்க வேண்டும். ஆங்கிலமும் கணக்கும் ஒருவாறு முடித்துவிட்டேன். மூன்றாவதாக, என் வேலை நேரத்துக்கு ஒத்துவரும் காலை வகுப்பில் இடம் இருந்தது வரலாறு மட்டும்தான். அறுபது புள்ளி எடுக்க வேண்டும். கல்லூரியில் எனக்கென்று ஓர் இடத்தை ஜூன் மாதம் வரை வைத்திருந்தார்கள்.

வளர்ந்தவர்களுக்கான அந்தப் பள்ளிக்கூடத்தின் வரலாற்று ஆசிரியர் உயரமான, மெலிந்த மனிதர். கோபமே வராது. ஆனால் ஆதாரம் இல்லாமல் ஒரு சொல்லைக்கூட ஏற்கமாட்டார். யார் எதைச் சொன்னாலும், "எந்தப் பக்கம்?" என்று கேட்பார். புத்தகத்தில் பக்கத்தைக் காட்டினால்தான் புள்ளி. இதை நான் வீட்டில் சொல்லப்போக, என் கணவர் பிடித்துக்கொண்டார்.

"சோறு குழைஞ்சு போச்சு," என்று நானே சொன்னால், "ஆர் சொன்னது? பக்கம் எங்கை?" என்பார்.

எழுத்து வேலைகளில் பக்க இலக்கம் போட்டுத் தப்பிவிட்டேன். வகுப்பில் பேசுவதற்கும் புள்ளி உண்டு. அதில் எனக்குப் பூச்சியம். ஐந்து மாதத்தில் வரவு கூப்பிடும்போது கையைத் தூக்கினேனே தவிர, ஒரு சொல் பேசவில்லை. ஒரு நாள் ஆசிரியர் என்னை மேசைக்குக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: "கடைசி வேலை இரண்டு பேராகச் செய்வது. ஒரு மாதிரி உருவம் செய்து கொண்டுவந்து அதைப் பற்றி வகுப்புக்கு விளக்க வேண்டும். அதில் நீங்கள் பேசாவிட்டால் அறுபது வராது."

தலைப்புகளை ஒரு தகரப் பேணிக்குள் போட்டுக் குலுக்கினார்கள். எனக்கு வந்த துண்டில் 'ஸ்பானியர்களின் வட எல்லைக் குடியேற்றம்' என்று இருந்தது. நான் கனடாவைப் பற்றி ஏதாவது வரும் என்று நினைத்து நரித் தோல் வியாபாரம் வரை பாடமாக்கி வைத்திருந்தேன்.

என்னோடு சேர்ந்தவள் எல் சல்வடோர் நாட்டுப் பெண். என்னைவிடப் பத்து வயது இளையவள். ஹோட்டல் ஒன்றில் கட்டில் விரிப்பவள். வாய் ஓயாது. என்னை மரியாதையாக 'சென்யோரா' என்பாள். நான் அவளைத் 'தங்கச்சி' என்பேன். எங்கள் இருவரின் ஆங்கிலமும் ஒரே அளவு ஓட்டை என்பதால் நன்றாக விளங்கிக்கொண்டோம். அவள் பேசியதை எங்கள் பேச்சுத் தமிழில்தான் என்னால் எழுத முடிகிறது. அப்படித்தான் என் காதில் விழுந்தது.

எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். மாதிரியை நான் செய்வது, கதைப்பதை அவள் செய்வது. நான் மூன்றே மூன்று வசனம் சொல்வது. அவளே எழுதித் தந்தாள்: "இது கோயில். இது ஊர் நடுவில் இருக்கும் வெளி. இது தண்ணீர் வாய்க்கால்."

நூலகத்தில் இருந்து புத்தகங்களை எடுத்து வந்து பள்ளிக்கூடச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் படித்தோம். மெக்சிக்கோவிலிருந்து ஸ்பானியர்கள் வடக்கே போயிருக்கிறார்கள். மாட்டு வண்டில், ஆட்டு மந்தை, கோதுமை விதை, பாதிரிமார், படை வீரர், பிள்ளை குட்டிகளோடு மாதக்கணக்கான பயணம். போய்ச் சேர்ந்த இடம் வறண்ட பூமி. அங்கே ஏற்கெனவே ஆட்கள் மண் கல்லால் மாடி வைத்து வீடு கட்டிச் சோளம் விதைத்துக்கொண்டு இருந்தார்கள். வந்தவர்கள் நடுவில் ஒரு வெளியை விட்டுச் சுற்றி வீடுகளும் ஒரு பக்கம் கோயிலுமாக ஊர்களை அமைத்தார்கள். ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி, இன்ன வீட்டுக்கு இன்ன நேரம் தண்ணீர் என்று முறை வைத்தார்கள். வெளியே குவிமாடம் மாதிரி மண்ணால் போறணை அடுப்புக் கட்டி, கோதுமை மாவில் பாண் சுட்டார்கள்.

எனக்கு அந்தக் கோயிலின் படத்தைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. தடித்த மண் சுவர், இரண்டு மணிக்கூண்டு. காகிதத்தில் பெரிதாக வரைந்தேன்.

"சென்யோரா, கோயிலை உவ்வளவு பெரிசாக் கீறாதேங்கோ," என்றாள் தங்கச்சி.

"வடிவாயிருக்குத்தானே."

"வடிவுதான். ஆர் கட்டினது?"

"பாதிரிமார்."

"பாதிரிமார் மண் குழைச்சவையோ? பக்கம் எங்கை?"

தேடினேன். பக்கம் இருந்தது. சுவரை எழுப்பியவர்கள் அந்த ஊர்ப் பெண்களும் பிள்ளைகளும். உத்திரங்களைத் தூர மலையிலிருந்து தோளில் சுமந்து வந்தவர்கள் அந்த ஊர் ஆண்கள். வரமாட்டேன் என்றவனுக்குச் சவுக்கடி. பிறகொரு காலத்தில் அவர்கள் எல்லோரும் சேர்ந்து எழும்பிக் கோயில்களை எரித்து, வந்தவர்களைத் துரத்தியும் இருக்கிறார்கள். சில வருடங்களில் ஸ்பானியர்கள் திரும்பி வந்துவிட்டார்கள்.

"எனக்குள்ள ரெண்டு பக்க ரத்தமும் இருக்கு," என்றாள் அவள். "அடிச்சவனும் நான்தான், அடி வாங்கினவனும் நான்தான். காலமை எழும்பினால் ஆருக்குக் கோபம் வாறதெண்டு தெரியாது." சொல்லிவிட்டு என் சாப்பாட்டுப் பெட்டியில் இருந்த, மிளகாயும் தேங்காயும் இடித்த சம்பலை எடுத்துத் தன் பாணில் தடவிக்கொண்டாள்.

அதனால் கோயிலைச் சிறிதாக்கினோம். உத்திரம் சுமக்கும் ஆறு பேரை வழியில் வைப்பது என்று முடிவாயிற்று.

வீட்டில் என் கணவர் இதைக் கேட்டதும் என்னைவிட ஆர்வமாகிவிட்டார். அவர் வேலை செய்தது பழங்கள் வந்திறங்கும் களஞ்சியத்தில். காட்போட் பெட்டிக்குக் குறைவில்லை. நான் காட்போட்டில்தான் கோயில் கட்ட இருந்தேன்.

"இஞ்சேரும், காட்போட்டில கட்டினால் வாழைப்பழப் பெட்டி மாதிரித்தான் இருக்கும்," என்றார். "புத்தகத்தில என்ன போட்டிருக்கு?"

"மண்ணும் வைக்கோலும் குழைச்ச கல்லு எண்டு."

"அப்ப அதுதான். பக்கம் இருக்குத்தானே?"

மண்ணுக்காக அவர் மண்வெட்டியும் வாளியுமாகக் கீழே போனார். நான் பலகணியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். கட்டடத்துக்குப் பின்னால் புதர் ஓரம் தோண்டும்போது, தினமும் அந்த வழியாக நடை போகும் ஓர் அங்கிள் நின்றார். அவர்கள் பேசியதைக் கணவர் மேலே வந்து எனக்கு நடித்துக் காட்டினார்.

"என்ன தம்பி, புதையலோ?"

"இல்லை அங்கிள். மனுசி கோயில் கட்டுறா."

"றிச்மண்ட் ஹில்லில சைவக் கோயில் ஒண்டு இருக்குத்தானே. காணாதாமோ?"

"இது வேதக் கோயில் அங்கிள், சேர்ச்."

"ஓ, நீங்கள் வேதக்காரரோ. எவ்வளவு பெரிசு?"

"ரெண்டடி."

அங்கிள் யோசித்துவிட்டு, "அப்ப ஆள் கொள்ளாது," என்று சொல்லி நடையைக் கட்டினாராம்.

வைக்கோலுக்கு வீட்டுப் பிராணிகள் விற்கும் கடைக்குப் போனோம். முயலுக்கு என்று அங்கே பொதி செய்து வைத்திருந்தார்கள். கடைக்காரப் பெண் அன்பாக, "உங்கள் முயலுக்கு என்ன வயது?" என்று கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கணவர் யோசிக்காமல், "மூன்று" என்றார். பெயரையும் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

மண்ணை அரித்து, வைக்கோலைக் கத்தரிக்கோலால் பொடியாக வெட்டிப் போட்டு, குளியலறையில் குழைத்தோம். கல் வார்க்க அச்சு வேண்டும். குளிர்பெட்டியில் இருந்த ஐஸ் தட்டு சரியாக அமைந்தது. முதல் தொகுதியைக் காய வைக்க ஓவனில் வைத்தோம். சூட்டைக் கூட்டி வைத்துவிட்டேன். எல்லாம் பிளந்துபோயின. இரண்டாம் தொகுதியைப் பலகணியில் மே மாத வெயிலில் வைத்துத் திருப்பித் திருப்பிப் போட்டோம். அந்த இரண்டு வாரமும் நாங்கள் குளிர்ந்த தண்ணீர் குடிக்கவில்லை.

மாதிரி கொண்டுபோவதற்கு முதல் நாள் எனக்கு வேலை இல்லை. பின்னேரம் எல்லாவற்றையும் பலகையில் பொருத்தி முடித்தேன். கோயில், வெளி, சுற்றி வீடுகள், போறணை, வெள்ளிக் கடதாசியில் வாய்க்கால், உத்திரம் சுமக்கும் ஆறு பேர். கணவர் சோபாவில் நித்திரையாகிவிட்டார். கையில் கொஞ்சம் மண் மிஞ்சியிருந்தது. மூன்று வசனத்தையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே அந்த மண்ணை உருட்டித் தட்டையாக்கி, தீக்குச்சி முனையால் வார் கீறி, உழுந்து அளவில் செருப்புகள் செய்தேன். பன்னிரண்டு சோடி. கோயில் வாசலின் இரு பக்கமும் வைத்தேன். சிலதைச் சோடியாக, சிலதை அவசரத்தில் கழற்றினது மாதிரிக் கொஞ்சம் கோணலாக. இப்படிச் செய்ய வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. கோயில் என்றால் வாசலில் செருப்பு இருக்கும். அவ்வளவுதான்.

அடுத்த நாள் காலை வாழைப்பழப் பெட்டிக்குள் மாதிரியை இறக்கி, பஸ்ஸில் மடியில் வைக்கப் பார்த்தேன். கொள்ளவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு வயதானவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு எழும்பி, கோயிலுக்கு இருக்கை கொடுத்தார்.

வகுப்பில் எங்கள் முறை வந்தது. தங்கச்சி பத்து நிமிடம் பொழிந்து தள்ளினாள். வண்டில், ஆடு, சவுக்கு, கலகம், எல்லாவற்றுக்கும் பக்க இலக்கத்தோடு. பிறகு என் பக்கம் கையைக் காட்டினாள்.

இருபது முகங்கள் என்னைப் பார்த்தன. "இது..." என்றேன்.

மூன்று வசனமும் போய்விட்டன. கோயில் என்ற சொல்லுக்கு ஆங்கிலம் என்ன என்பதே ஞாபகம் வரவில்லை. தங்கச்சி வாயசைத்துக் காட்டினாள். அதுவும் விளங்கவில்லை. எனக்கு வைத்திருந்த இடத்தில் வேறு யாரோ உட்காருவதும், நான் பெட்டி மடித்துக்கொண்டே இருப்பதும் கண்ணுக்குள் வந்தது.

ஆசிரியர் எனக்கு நேரம் கொடுப்பதற்காகவோ என்னவோ, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மாதிரியின் மேல் குனிந்தார். "வாசலில் கிடப்பவை என்ன?"

தங்கச்சியும் குனிந்தாள். "நான் வைக்கேல்லை," என்றாள். "விதையோ?"

பின் வரிசையில் இருந்த பிலிப்பைன்ஸ்காரர் எட்டிப் பார்த்து, "கரப்பான் பூச்சி," என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"செருப்பு," என்றேன்.

"செருப்பா? எந்தப் பக்கம்?"

கை பழக்கத்தில் புத்தகத்தைத் தேடியது. பிறகுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. "பக்கம் இல்லை, சேர்," என்றேன். "இது பிழை. எங்கள் ஊரில் கோயிலுக்குள் செருப்போடு போகமாட்டோம். யோசிக்காமல் வைத்துவிட்டேன்."

"உங்கள் பாதிரிமார் அப்படிக் கற்பித்தார்களா?"

"இல்லை சேர். பாதிரிமார் காலில் சப்பாத்தோடுதான் வந்தார்கள்."

மறுபடியும் சிரித்தார்கள். ஆனால் இந்த முறை நான் சொன்னதற்காகச் சிரித்தார்கள். அது வேறு மாதிரி இருந்தது. அந்தச் சூட்டிலேயே நான் சொல்லிக்கொண்டு போனேன். ஸ்பானியர் மாதிரியிலுள்ள இந்த ஊருக்கு வந்த காலத்தை ஒட்டி அவர்களின் பக்கத்து நாட்டுக்காரர், போர்த்துக்கேயர், எங்கள் கரைக்கு வந்தார்கள். அவர்களும் படையும் பாதிரியுமாகத்தான் வந்தார்கள். எங்கள் கோயில்களை இடித்தார்கள், புதுக் கோயில்களைக் கட்டினார்கள். கல்லைச் சுமந்தவர்கள் நாங்கள்தான். பெயரை மாற்றினார்கள், முழந்தாளில் நிற்கக் காட்டித் தந்தார்கள், பாண் சுடக் காட்டித் தந்தார்கள். "மிளகாய்கூட அவர்கள் கொண்டு வந்து தந்ததுதான்," என்றேன்.

"அது எங்கட," என்றாள் தங்கச்சி சட்டென்று. "எங்கட பக்கத்தில இருந்து எடுத்துக்கொண்டு போய்த்தான் உங்களுக்குத் தந்தவங்கள்."

"அப்ப உனக்குத்தான் நன்றி சொல்ல வேணும்."

"பறவாயில்லை. சம்பலாத் திருப்பித் தாறீங்கள்தானே."

ஆசிரியரும் சிரித்துவிட்டார். பிலிப்பைன்ஸ்காரர் கையைத் தூக்கி, "மழை வந்தால் செருப்பை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்.

"நனைந்த செருப்போடு வீட்டுக்குப் போவோம்."

"யாராவது திருடினால்?"

"நல்ல செருப்பைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போகமாட்டோம்."

கேட்கக் கேட்கப் பதில் வந்தது. எல்லாம் மாறினாலும் வாசலில் மட்டும் ஆட்கள் தாங்கள் எப்போதும் செய்ததையே செய்தார்கள், அதை யாரும் கட்டளையிடவும் இல்லை, தடுக்கவும் இல்லை, அதனால் யாரும் எழுதி வைக்கவும் இல்லை என்று சொன்னேன். உத்திரம் சுமந்த இந்த ஆறு பேரும் கோயிலுக்குள் போகும்போது தங்களுடைய ஏதோ ஒன்றைச் செய்திருப்பார்கள், புத்தகத்தில் தேடினேன், பக்கம் கிடைக்கவில்லை என்றும் சொன்னேன். நான் பேசி முடித்தபோது மணிக்கூட்டைப் பார்த்தேன். பதினான்கு நிமிடம் ஆகியிருந்தது.

ஆசிரியர் தன் புள்ளிக் கொப்பியைத் திறந்தார். "பேச்சுக்கு முழுப் புள்ளி," என்றார். பிறகு தொண்டையைச் செருமினார். "ஆனால் மாதிரியில் ஆதாரம் இல்லாத பொருள் இருந்தால் இரண்டு புள்ளி குறைப்பேன் என்று முதலே சொல்லியிருக்கிறேன். எல்லோருக்கும் ஒரே விதி. நான் எழுதுவதற்கு முன்பு செருப்புகளை எடுத்துவிடுங்கள். குறைக்கமாட்டேன்."

என் மற்றப் புள்ளிகளெல்லாம் சேர்ந்து எவ்வளவு வரும் என்று எனக்குத் தெரியாது. அறுபதுக்கு அங்கேயோ இங்கேயோ என்று மட்டும் தெரியும். தங்கச்சி அதற்குள் நகத்தை நீட்டி முதல் சோடியைக் கிண்டத் தொடங்கிவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"என்ன சென்யோரா? ரெண்டு புள்ளி."

"விடு தங்கச்சி. உள்ளுக்கு ஆக்கள் இருக்கினம்."

இதை ஆங்கிலத்தில், சத்தமாகத்தான் சொன்னேன். பிறகு பிலிப்பைன்ஸ்காரர் கை தட்டினார். ஆசிரியர் என்னைப் பார்த்தார், கோயிலைப் பார்த்தார், இரண்டைக் குறைத்தார். ஓரமாக நின்று என் புள்ளிகளைக் கூட்டினார். அவர் பென்சில் மேலிருந்து கீழே இறங்கும் வரை நான் உத்திரம் சுமப்பவர்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அறுபத்தொன்று," என்றார்.

கல்லூரிக்குக் கொடுக்க வேண்டிய படிவத்தை அங்கேயே நிரப்பிக் கையெழுத்து வைத்தார். மாதிரியை வகுப்பிலேயே வைத்திருக்கலாமா என்றும் கேட்டார். ஓம் என்றேன். யன்னல் ஓரத்தில் வைத்தார். வாசலில் ஒரு செருப்பு தங்கச்சியின் நகம் பட்டுத் தள்ளிப்போய்க் கிடந்தது. அவர் அதை விரல் நுனியால் அதன் சோடியோடு சேர்த்துவிட்டார்.

வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னேன்.

"அறுபத்தொண்டோ?" என்றார். "பக்கம் எங்கை?"

படிவத்தை நீட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்து, இரண்டு தரம் வாசித்தார். பிறகு ஐஸ் தட்டைக் கழுவித் தண்ணீர் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்தார்.

அடுத்த நாள் காலை கல்லூரி அலுவலகத்தில் படிவத்தைக் கொடுத்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் அதை வாங்கி, முத்திரை குத்தி, செப்டம்பரில் வகுப்புத் தொடங்கும்போது வெள்ளைச் சப்பாத்து ஒரு சோடி வாங்கிக்கொண்டு வரச் சொன்னாள்.